பணம் அனுப்புமுன் பெயரைப் பார்!

"பணம் பாதாளம் வரை பாயும்" என்பது நம் முன்னோர் வாக்கு. இன்றோ அது கண் இமைக்கும் நேரத்தில் ஒரு கைப்பேசியிலிருந்து மறு கைப்பேசிக்குப் பாய்ந்துவிடுகிறது. அப்படிப் பாயும்போது நடப்பது என்ன? எங்கள் வீட்டில் செய்து பார்த்த ஒரு சோதனையைக் கொண்டு அதை விளக்க விரும்புகிறேன்.

மதுரையில் செவிலியர் படிப்புப் படிக்கும் என் அக்காவுக்குத் தேர்வுக் கட்டணமாக 2,000 ரூபாய் அனுப்ப வேண்டியிருந்தது. மறுநாளே கடைசி நாள். அப்பா ராஜபாளையத்தில் நூற்பாலை வேலைக்குப் போயிருந்தார்கள். அம்மாவோ அதுவரை கைப்பேசியில் பணம் அனுப்பியதே இல்லை. "வழியில் தொலைந்தால் யாரிடம் போய்க் கேட்பது?" என்று ஆச்சி தடுத்தார்கள்.

ஆச்சி அறிந்தது மணியார்டர் ஒன்றுதான். நம் நாட்டுத் தபால் நிலையங்களில் அது 1880ஆம் ஆண்டு தொடங்கியது. பிற்காலத்தில் 20 ரூபாய்க்கு 1 ரூபாய் கமிஷன் என்பதால், 2,000 ரூபாய் அனுப்ப 100 ரூபாய் ஆகும். சேர்வதற்குச் சில நாட்களும் ஆகும். ஆனால் அதில் ஒரு நிம்மதி இருந்தது. தபால்காரர் ஆளைப் பார்த்துப் பணத்தைக் கொடுப்பார். பெற்றவரின் கையெழுத்தோ கைநாட்டோ உள்ள ரசீது, அனுப்பியவரிடம் திரும்பி வரும்.

இன்றைய முறைக்கு யு.பி.ஐ. என்று பெயர். ரிசர்வ் வங்கியும் இந்திய வங்கிகள் சங்கமும் முன்னின்று 2008இல் தொடங்கிய தேசியப் பணப் பட்டுவாடாக் கழகம் இதை உருவாக்கி, 2016 ஏப்ரலில் அறிமுகம் செய்தது. 2023 ஆகஸ்ட் மாதத்தில் மட்டும் இதன் வழியே நடந்த பரிமாற்றங்கள் ஆயிரம் கோடியைத் தாண்டின. அதே ஆண்டு பிப்ரவரியில் சிங்கப்பூரின் 'பேநவ்' முறையோடும் இது இணைக்கப்பட்டது.

இது வேலை செய்யும் விதம் எளிது. வங்கியில் பதிவு செய்த எண்ணுள்ள சிம் நம் கைப்பேசியில் இருக்க வேண்டும். நாம் ஒருவருடைய எண்ணைத் தட்டியதும், அந்த எண்ணோடு சேர்ந்த வங்கிக் கணக்கு யாருடையது என்று தேடி, அவர் பெயரைத் திரை காட்டும். தொகையைக் குறித்து, இரகசிய எண்ணை அழுத்தினால், கழகத்தின் கணிப்பொறி முதலில் நம் வங்கியிடம் "இத்தொகையைக் கழித்துக்கொள்" என்கிறது. பின்பு அவர் வங்கியிடம் "இதை வரவு வை" என்கிறது. இருவருக்கும் செய்தி வருகிறது. ரூபாய் நோட்டு எதுவும் பயணம் செய்வதில்லை. இரண்டு வங்கிகளின் கணக்கேடுகள் மட்டுமே மாறுகின்றன. இதற்கு நாம் கட்டணம் தர வேண்டியதில்லை.

நான் எண்ணைச் சொல்லச் சொல்ல அம்மா தட்டினார்கள். எழுத்துத் தெரியாத ஆச்சிதான், "யார் பெயர் வருது, வாசி" என்றார்கள். வாசித்தேன். யாரோ ஓர் ஆணின் பெயர்! பத்து இலக்கங்களில் ஓர் இலக்கம் தவறியிருந்தது. பார்க்காமல் அனுப்பியிருந்தால் அக்காவின் கட்டணம் முன்பின் அறியாதவரிடம் போயிருக்கும். திருத்தித் தட்டியபோது அக்காவின் பெயர் வந்தது. முதலில் 1 ரூபாய் மட்டும் அனுப்பினோம். அக்காவை அழைத்துக் கேட்டோம், "வந்துவிட்டது" என்றாள். பிறகே மீதி 1,999 ரூபாயை அனுப்பினோம்.

அன்று நான் கற்றது இதுதான். முன்பு ஆளைப் பார்க்கும் பொறுப்பு தபால்காரருடையது; இன்று அது அனுப்புகிறவருடையது. திரையில் தோன்றும் பெயரே நாம் பார்க்கக்கூடிய முகம்.

இரகசிய எண்ணைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் ஓர் அத்தையிடம், "உங்களுக்குப் பரிசுப் பணம் வருகிறது, இரகசிய எண்ணை அழுத்துங்கள்" என்று ஒருவன் தொலைபேசியில் சொன்னான். அவர்கள் அழுத்தினார்கள், சேமிப்பு போயிற்று. பணம் பெறுவதற்கு இரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை. அது நம் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுப்பதற்கான சாவி. அதை வீட்டிலுள்ள பிள்ளைகளுக்குக்கூடச் சொல்லக் கூடாது. அம்மா எனக்கும் சொல்லவில்லை!

தவறு நேர்ந்துவிட்டால்? நம் கணக்கில் கழிந்து அவருக்குச் சேராத பணம், மறுநாளுக்குள் திரும்ப வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் ஈடு தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி 2019இல் வகுத்த விதி. வேறொருவருக்கு அனுப்பிவிட்டால் உடனே வங்கியில் முறையிட வேண்டும். ஆயினும் பெற்றவர் இசைந்தாலன்றி அது திரும்புவது கடினம். ஏமாற்றப்பட்டால் காலம் தாழ்த்தாமல் 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும்.

காணாமற்போன ஒரு நாணயத்துக்காக விளக்கேற்றி வீட்டைப் பெருக்கித் தேடிய பெண்ணைப் பற்றி ஆண்டவர் இயேசு உவமை கூறினார். தொலைத்தபின் தேடுவதைவிட, அனுப்புமுன் பார்ப்பது நன்று. அன்புத் தோழியரே, படித்த நாம் நம் வீட்டுப் பெரியவர்கள் அருகில் அமர்ந்து, திரையில் வரும் பெயரை ஒருமுறை உரக்க வாசித்துக் காட்டுவோம். நாம் கற்ற கல்வியால் வீட்டுக்கு ஆகும் நன்மைகளில் அதுவும் ஒன்றாகட்டும்.