சிகிச்சை முடிந்த பிள்ளை எங்கே போவான்? போதையை விட்டவர்கள் சேர்ந்து வாழும் வீடுகள்

"ஹஜ்ரத், நகையை அடகு வைத்து மகனை மூன்று மாதம் மறுவாழ்வு மையத்தில் வைத்திருந்தோம். நல்லபடியாகத் திரும்பி வந்தான். ஐந்து வேளையும் தொழுதான். நாற்பது நாள்கூட ஆகவில்லை, மறுபடியும் ஆரம்பித்துவிட்டான். எங்கள் துஆவில் குறையா, வைத்தியத்தில் குறையா?"

ஒரு தாய் என்னிடம் தொலைபேசியில் கேட்ட கேள்வி இது. குடிக்கும் கஞ்சாவுக்கும் போதை மாத்திரைக்கும் பிள்ளைகளைப் பறிகொடுத்துக்கொண்டிருக்கும் பல குடும்பங்கள் வெளியே சொல்லாமல் உள்ளுக்குள் கேட்டுக்கொள்ளும் கேள்வியும் இதுதான். துஆவிலும் குறையில்லை, வைத்தியத்திலும் குறையில்லாமல் இருக்கலாம். மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு பாலம் இருக்க வேண்டும். அது நம்மிடம் இல்லை.

உடலில் இருக்கும் போதை சில நாட்களில், சில வாரங்களில் இறங்கிவிடும். மனதில் பதிந்த நாட்டம் அப்படி இறங்காது. அது மாதக்கணக்கில் உள்ளேயே காத்திருக்கும். சிகிச்சை முடிந்து வருபவன் அதே தெருவுக்கு, அதே நண்பர்களுக்கு, அதே வேலையில்லாத மாலைப் பொழுதுக்குத்தான் திரும்புகிறான். வீட்டில் ஒருபுறம் சந்தேகம், மறுபுறம் அளவுக்கு மீறிய செல்லம். ஐந்து நிமிடம் தாமதமாக வந்தால் வாயை முகர்ந்து பார்க்கும் வாப்பா, கேட்டதும் பணம் எடுத்துக் கொடுக்கும் உம்மா. இருவருமே பாசத்தால்தான் அப்படி நடக்கிறார்கள். ஆனால் அந்தச் சூழலில் அவன் நிலைப்பது கடினம்.

தொண்ணூற்றொன்பது கொலைகள் செய்தவர் தவ்பாவுக்கு வழி தேடிய செய்தி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. நாம் பயான்களில் பலமுறை கேட்டதுதான். அதில் அவருக்கு வழிகாட்டிய ஆலிம், தவ்பாவின் வாசல் திறந்திருக்கிறது என்று சொன்னதோடு நிறுத்தவில்லை. உன் ஊருக்குத் திரும்பாதே, நல்லவர்கள் வாழும் இன்ன ஊருக்குப் போ என்று இடத்தையும் சேர்த்தே சொன்னார். நாம் முதல் பாதியைச் சொல்லிவிட்டு இரண்டாம் பாதியை விட்டுவிடுகிறோம். நானும் அப்படித்தான் பல இளைஞர்களைத் தவ்பா செய்ய வைத்து, "இனி வீட்டோடு இரு" என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். அந்த 'இன்ன ஊர்' எது என்று யோசித்ததில்லை.

அந்த இரண்டாம் பாதியை ஒரு ஏற்பாடாகவே செய்து காட்டியிருப்பவர்கள் அமெரிக்காவில் இருக்கிறார்கள். அதைப் பற்றித் தெரிந்துகொள்வது நமக்குப் பயன் தரும்.

ஒரு விடுதி மூடப்பட்டபோது

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் சில்வர் ஸ்பிரிங் என்ற ஊர். குடியிலிருந்து மீண்டவர்கள் தற்காலிகமாகத் தங்க உள்ளூர் நிர்வாகம் அங்கே ஒரு விடுதி நடத்திவந்தது. 1975ல் செலவைக் குறைப்பதற்காக அதை மூட முடிவு செய்தார்கள். அங்கே தங்கியிருந்தவர்களில் ஒருவர் பால் மொலாய். வழக்கறிஞர், அமெரிக்க செனட் குழு ஒன்றில் பணியாற்றியவர், குடியால் எல்லாவற்றையும் இழந்தவர்.

தங்கியிருந்தவர்கள் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். செலவில் பெரும்பகுதி ஊழியர்களின் சம்பளம். சமைப்பதையும் பெருக்குவதையும் கணக்கு எழுதுவதையும் நாமே செய்தால் என்ன? வாடகையை ஆளுக்குக் கொஞ்சமாகப் பகிர்ந்துகொண்டால் என்ன? அதே கட்டடத்தை அவர்களே வாடகைக்கு எடுத்தார்கள். 'ஆக்ஸ்ஃபோர்ட் ஹவுஸ்' அப்படித்தான் பிறந்தது. இன்று அமெரிக்கா முழுவதும் இத்தகைய மூவாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் இருக்கின்றன.

வீடு எப்படி நடக்கிறது?

இது மருத்துவமனை அல்ல. காவலாளியும் இல்லை, வார்டனும் இல்லை. சாதாரணக் குடியிருப்புப் பகுதியில் வாடகைக்கு எடுத்த ஒரு சாதாரண வீடு. குறைந்தது 6 பேர் இருப்பார்கள். ஆண்களுக்குத் தனி வீடு, பெண்களுக்குத் தனி வீடு. பிள்ளைகளோடு தங்கும் தாய்மார்களுக்கான வீடுகளும் உண்டு.

ஒவ்வொரு வீட்டுக்கும் மூன்று அடிப்படை நிபந்தனைகள். முதலாவது, வீட்டை அதில் வசிப்பவர்களே வாக்களித்து நடத்த வேண்டும். இரண்டாவது, செலவை அவர்களே ஏற்க வேண்டும். மூன்றாவது, மீண்டும் குடித்தவரை அல்லது போதை எடுத்தவரை உடனே வெளியேற்ற வேண்டும்.

தலைவர், செயலாளர், பொருளாளர் போன்ற பொறுப்புகளைத் தங்கியிருப்பவர்களே ஏற்கிறார்கள். ஒருவர் ஒரே பொறுப்பில் 6 மாதத்துக்கு மேல் தொடர முடியாது. வாரம் ஒருமுறை எல்லோரும் கூடுகிறார்கள். வாடகை பாக்கி யாருக்கு, பாத்திரம் கழுவாமல் விட்டது யார், இருவருக்குள் என்ன மனத்தாங்கல் என்று எல்லாவற்றையும் அங்கேயே பேசித் தீர்க்கிறார்கள். புதிதாக ஒருவரைச் சேர்க்க வேண்டுமானால், இருப்பவர்களில் 80 சதவீதத்தினர் சம்மதிக்க வேண்டும்.

மூன்றாவது நிபந்தனை கடுமையாகத் தோன்றலாம். ஆனால் ஒருவன் அந்த வீட்டுக்குள் போதையோடு நடமாடினால், மற்றவர்கள் எல்லோருடைய உறுதியும் ஆட்டம் காணும். அது ஒருவர்மீதுள்ள கோபத்தால் வந்த விதி அல்ல, மற்றவர்களைக் காக்க வந்த விதி. வெளியேறியவர் போதையை விட்டபின் மீண்டும் விண்ணப்பிக்கவும் வழி இருக்கிறது.

விதிகளை ஒழுங்காகப் பின்பற்றும் வரை எவ்வளவு காலம் வேண்டுமானாலும் தங்கலாம் என்பது இன்னொரு சிறப்பு. பழைய விடுதியில் தவணை முடிந்ததும் வெளியேற்றப்பட்டவர்கள் விரைவிலேயே பழைய நிலைக்குப் போனதை மொலாயும் தோழர்களும் கண்ணால் பார்த்திருந்தார்கள். அதனால்தான் தவணையே வேண்டாம் என்று முடிவு செய்தார்கள்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. நம் வீட்டில் இவன் கண்காணிக்கப்படுபவன். அங்கே இவன் பொறுப்பாளி. நேற்றுவரை வீட்டுப் பணத்தைத் திருடியவனிடம் இன்று பத்துப் பேரின் வாடகைக் கணக்கு இருக்கிறது. அவனும் பொய் சொல்ல முடியாது, ஏனென்றால் உடன் இருப்பவர்கள் எல்லோரும் அதே பொய்களைச் சொல்லிப் பழகியவர்கள்!

பலன் உண்டா?

சிகாகோவின் டிபால் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர் லெனார்ட் ஜேசனும் குழுவினரும் இதை ஆராய்ந்தார்கள். சிகிச்சை முடிந்த 150 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினர் இத்தகைய வீடுகளுக்குப் போனார்கள். மற்றவர்கள் வழக்கமான முறையில் வெளியே சிகிச்சையைத் தொடர்ந்தார்கள். 2006ல் வெளியான முடிவு இது. இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, வழக்கமான பிரிவில் சுமார் 65 சதவீதத்தினர் மீண்டும் போதையைத் தொட்டிருந்தார்கள். கூட்டு வீட்டுப் பிரிவில் அது சுமார் 31 சதவீதம். மாத வருமானமும் இவர்களுக்கு இரு மடங்குக்கு மேல் இருந்தது. 6 மாதமோ அதற்கு மேலோ தங்கியவர்களின் நிலை, முன்னதாகவே வெளியேறியவர்களைவிட நன்றாக இருந்தது.

இந்த ஏற்பாட்டிலும் மூன்றில் ஒருவர் சறுக்கியிருக்கிறார் என்பதையும் கவனியுங்கள். இது மந்திரம் அல்ல. ஆனால் சறுக்குபவர்களின் எண்ணிக்கையைப் பாதியாக்கும் ஒன்றைச் சிறியது என்று யார் சொல்ல முடியும்?

எதிர்ப்பும் ஏமாற்றும்

அங்கேயும் "எங்கள் தெருவில் குடிகாரர்களா?" என்று அக்கம்பக்கத்தார் எதிர்த்தார்கள். வாஷிங்டன் மாநிலத்தின் எட்மண்ட்ஸ் நகரில் ஒரு விதி இருந்தது. குடும்பமாக இருந்தால் எத்தனை பேரும் ஒரு வீட்டில் வசிக்கலாம், உறவில்லாதவர்கள் என்றால் 5 பேருக்கு மேல் கூடாது. அதைக் காட்டி அங்கிருந்த ஆக்ஸ்ஃபோர்ட் ஹவுஸை எதிர்த்தார்கள். வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. வீட்டுவசதியில் பாகுபாடு காட்டக்கூடாது என்ற சட்டத்திலிருந்து அந்த நகர விதிக்கு விலக்கு கிடையாது என்று 1995ல் தீர்ப்பு வந்தது. போதையிலிருந்து மீண்டவர்களுக்கு 1988ன் திருத்தத்துக்குப் பிறகு அந்தச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. சட்டவிரோதப் போதைப்பொருளை இன்னும் பயன்படுத்திக்கொண்டிருப்பவருக்கு அது கிடையாது.

நல்ல பெயர் இருக்கும் இடத்தில் போலிகளும் வருவார்கள். அரிசோனா மாநிலத்தில் மீட்பு வீடு என்ற பெயரில் பூர்வகுடி மக்களை அழைத்துச் சென்று, கொடுக்காத சிகிச்சைக்கு அரசிடம் பணம் கறந்த பெரும் மோசடி 2023ல் வெளிவந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கான பணத்தை அரசு நிறுத்தியது. அந்த வீடுகளில் இருந்த பலர் தெருவுக்கு வந்தார்கள். "நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், நீங்கள் வந்து பார்க்க வேண்டாம்" என்று சொல்லும் எந்த இடத்தையும் நம்பாதீர்கள். இது நம் ஊர் மையங்களுக்கும் பொருந்தும். இந்தியாவின் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் மது, போதை தொடர்பான மனநலப் பாதிப்புகளையும் உள்ளடக்கியது. மனநல சிகிச்சை நிலையங்கள் பதிவு பெற்றிருக்க வேண்டும் என்றும், யாரையும் சங்கிலியால் கட்டக்கூடாது என்றும் அது சொல்கிறது.

நாம் செய்யக்கூடியவை

முதலில் வைத்தியம், பிறகுதான் வீடு. நீண்ட நாள் குடித்தவர் மருத்துவர் துணையின்றித் திடீரென நிறுத்தினால் வலிப்பும் சித்தக் குழப்பமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஊசி, மாத்திரை வகைப் போதையை விட்டவர் சில மாதம் கழித்துப் பழைய அளவையே எடுத்தால், உடல் தாங்காமல் மரணம் நேரலாம். மறுபடி தொட்டுவிட்டான் என்று தெரிந்தால் அடிப்பதைவிட உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்வதே முக்கியம். ஆலோசனைக்கு இந்திய அரசின் இலவச உதவி எண் 14446 இருக்கிறது.

சிகிச்சை முடியும் முன்பே அடுத்த 6 மாதம் எங்கே, யாரோடு என்று குடும்பம் கூடி முடிவு செய்யுங்கள். போதையை விட்டுப் பல ஆண்டுகள் ஆன ஒருவரின் துணையைத் தேடிக் கொடுங்கள். அவருடைய ஒரு சொல் நம்முடைய பத்து பயான்களுக்குச் சமம். "கல்யாணம் செய்து வைத்தால் திருந்திவிடுவான்" என்று இன்னொரு வீட்டுப் பெண்ணை அந்தப் பாலமாக ஆக்காதீர்கள். அது அவளுக்குச் செய்யும் அநீதி.

ஜமாஅத் பொறுப்பாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒரு பெரிய மையம் கட்டுங்கள் என்று நான் சொல்லவில்லை. 6 பேர் தங்க ஒரு வாடகை வீடு, முதல் இரண்டு மாத வாடகை, அருகிலேயே ஒரு மருத்துவரின் தொடர்பு, வேலை கொடுக்க மனமுள்ள நான்கு வியாபாரிகள். மீதியை அவர்களே நடத்திக்கொள்ள விடுங்கள். அந்த வீட்டை நம் மஹல்லாவிலேயே அமைக்க நாம் சம்மதிப்போமா என்பதுதான் நமக்கான சோதனை.

குடித்ததற்காகப் பலமுறை தண்டிக்கப்பட்ட ஒருவரைச் சபித்தபோது, நபி (ஸல்) அவர்கள் அதைத் தடுத்தார்கள். அல்லாஹ்வையும் அவனுடைய தூதரையும் நேசிப்பவர் என்று அவரைப் பற்றிச் சாட்சியும் சொன்னார்கள். நம் பிள்ளைகள் அதைவிட அதிகமாகவா தவறிவிட்டார்கள்?

அந்தத் தாயின் மகன் மறுபடியும் சிகிச்சையில் இருக்கிறான். இம்முறை வெளியே வரும்போது அவன் எங்கே போவான் என்பதற்கு, அவன் வருமுன் நம்மிடம் ஒரு பதில் இருக்க வேண்டும். அல்லாஹ் அதற்கு அருள் புரிவானாக. ஆமீன்.