முந்நூறு பேருக்குத் தண்ணி கலக்குவது

ஜொகூரில் ஸ்கூடாய் பக்கத்துக் கல்யாணங்களில் சாப்பாட்டைக் கேட்டரிங்காரர் பார்த்துக்கொள்வார், மேடையை அலங்காரக்காரர் பார்த்துக்கொள்வார். தண்ணி மேசை மட்டும் கடைசி வாரத்தில் யாரோ ஒரு மச்சான் தலையில் வந்து விழும். அவரும் நாலைந்து பெட்டி கார்டியலும் மினரல் வாட்டரும் வாங்கி அடுக்கிவிட்டு நிம்மதியாக இருப்பார். இரவு எட்டரை மணிக்கு ஐஸ் தீர்ந்துபோகும். பட்டு வேட்டியோடு மோட்டார் சைக்கிளில் ஏறி ஐஸ் தேடிக்கொண்டு ஓடுவார். இது அந்த மச்சானுக்காக எழுதுவது.

வீட்டிலேயே கலந்து, மேசை போட்டு, நாமே பரிமாறுவது நமக்குப் புதிதில்லை. தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் போட்டுப் பழகிய சமூகம் இது. மோர், சிராப், பானகம் என்று அண்டா அண்டாவாகக் கலக்கிக் காவடி எடுப்பவர்களுக்கும் கூட்டத்துக்கும் கொடுப்போம். கல்யாண மேசையும் அதே வேலைதான். வித்தியாசம் ஒன்றே: பந்தலுக்கு வருகிறவர்கள் குடித்துவிட்டு நடந்துவிடுவார்கள், கல்யாணத்துக்கு வந்தவர்கள் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருப்பார்கள், திரும்பத் திரும்ப வருவார்கள்.

முதலில் கணக்கு. இரவு விருந்துக்கு 300 பேர் என்று வைத்துக்கொள்வோம். நம் வெக்கைக்கு ஆளுக்கு மூன்று கப் போகும். அதாவது 900 கப். 250 மில்லி கப்பில் ஐஸ் போட்டபின் தண்ணிக்குக் கிடைக்கிற இடம் 160 மில்லி அளவுதான். 900 கப்புக்கு 144 லிட்டர். இதை எல்லாரும் எப்படியோ கணக்குப் போட்டுவிடுவார்கள். ஐஸில்தான் கோட்டை விடுவார்கள்.

30 டிகிரியில் இருக்கும் 160 மில்லி தண்ணியை 5 டிகிரிக்குக் கொண்டுவர ஏறக்குறைய 47 கிராம் ஐஸ் உருகியாக வேண்டும். இது பள்ளிக்கூட அறிவியல்; பேரம் பேச முடியாது. உருகிய ஐஸ் எங்கே போகிறது? கப்புக்குள்தான். ஆக, நீங்கள் ருசி பார்த்துச் சரியாக இருக்கிறது என்று சொன்ன சிராப், விருந்தாளி வாய்க்குப் போகும்போது கிட்டத்தட்ட கால் பங்கு நீர்த்துப்போயிருக்கும். "தண்ணி சப்புன்னு இருக்கு" என்று பெரியம்மா சொல்வது இதனால்தான். இரண்டு வழி உண்டு. ஒன்று, கலக்கும்போதே சற்றுத் தூக்கலாகக் கலப்பது. இன்னொன்று, கலக்கும் தண்ணீரையே முந்தின நாள் இரவு பிரிஜ்ஜில் வைத்துக் குளிர்விப்பது. முடிந்தால் இரண்டையும் பாதிப் பாதி செய்யுங்கள்.

ஐஸுக்கு என் கணக்கு: கப்புக்கு 100 கிராம் என்று 90 கிலோ, தோங்கில் (ஐஸ் பீப்பாயில்) உருகிப்போவதற்கும் புட்டிகளைக் குளிர்விப்பதற்கும் இன்னொரு 40 கிலோ. மொத்தம் 130. சாக்குக் கணக்கில் பேசாதீர்கள், சாக்கு கடைக்குக் கடை மாறும், கிலோவில் கேளுங்கள். குடிக்கிற ஐஸ் நடுவில் ஓட்டை உள்ள குழாய் ஐஸ். மீன்காரர் வைத்திருக்கும் கட்டி ஐஸை புட்டிகளுக்கு வெளியே போட்டுக் குளிர்விக்கலாம், கப்புக்குள் போகக் கூடாது. இரண்டையும் ஒரே தோங்கில் போடுவது இன்னும் மோசம். மாலை 6 மணிக்கு ஒரு பாதி, எட்டு மணிக்கு மறு பாதி என்று இரண்டு தவணையாகக் கொண்டுவரச் சொன்னால், முதல் சாக்கு தண்ணீராகிக் கிடக்கும் சோகம் இருக்காது.

இரண்டாம் தவணைக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஸ்கூடாய் சொந்தக்காரர்களில் பாதிப் பேர் சிங்கப்பூரில் வேலை செய்கிறவர்கள். எல்லைப் பாலத்தில் நெரிசல் என்றால் ஒன்பது மணிக்குத்தான் ஒரு கூட்டம் வந்து இறங்கும், வந்ததும் முதலில் தேடுவது ஜில்லென்று ஒரு கப். அதனால் சரக்கில் மூன்றில் ஒரு பங்கை ஒன்பது மணி வரை தொடாமல் வையுங்கள்.

இனி என்ன கலக்குவது என்பது. ஆசைப்பட்டுப் பத்து வகை வைக்காதீர்கள். பச்சைத் தண்ணீரைச் சேர்க்காமல் மூன்று வகை போதும்: பாலோடு ஒன்று, புளிப்பாக ஒன்று, பழத்தில் ஒன்று. பாண்டுங், லிமாவ் ஆசாம்பொய், அன்னாசி.

மூன்றுக்கும் அடிப்படை ஒரே சர்க்கரைப் பாகு. 2 கிலோ சீனிக்கு 1 லிட்டர் தண்ணீர், முடிச்சுப் போட்ட பாண்டான் இலை நாலைந்து. சீனி கரைந்து ஒரு கொதி வந்ததும் அடுப்பை நிறுத்துங்கள். இரண்டேகால் லிட்டர் பாகு கிடைக்கும். இதைக் கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பே காய்ச்சலாம். இவ்வளவு கெட்டியான பாகு சட்டென்று கெடாது. ஒரு பகுதியில் மட்டும் ரோஸ் எசென்ஸும் சிவப்பும் சேர்த்தால் அது ரோஸ் சிராப், மிச்சம் வெள்ளைப் பாகு. எசென்ஸ் வாங்கும்போது ஹலால் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். சில எசென்ஸ்களில் கரைப்பானாக ஆல்கஹால் இருக்கும்.

பாண்டுங் 10 லிட்டருக்கு ரோஸ் சிராப் ஒன்றரை லிட்டர், ஐடியல் பால் 390 கிராம் டின் நான்கு, மீதிக்குத் தண்ணீர். இந்த அளவு ஐஸ் உருகுவதையும் சேர்த்துப் போட்டது. மொத்தம் 40 லிட்டர் வேண்டியிருக்கும், ஆனால் ஒரே அடியாகக் கலந்து வைக்கவே கூடாது. டின்னை உடைத்துத் தண்ணீரோடு சேர்த்த நிமிடத்திலிருந்து பால் கெட ஆரம்பிக்கிறது. அறைச் சூட்டில் இரண்டு மணி நேரம் என்பதே மேல் வரம்பு. திறந்தவெளிக் கெனோபிக்குக் கீழே, 32 டிகிரிக்கு மேல் போகும் மாலைகளில், ஒரு மணி நேரம்தான். பத்துப் பத்து லிட்டராகக் கலந்து, ஐஸ் பொதிந்த பாத்திரத்துக்குள் பாலாங்கை (பானம் வைக்கும் பெரிய ஜாடியை) இறக்கி வையுங்கள்.

லிமாவ் கஸ்தூரியை 10 லிட்டருக்கு ஒன்றரைக் கிலோ கணக்கில் வாங்குங்கள். இதற்கு வெள்ளைப் பாகு ஒரு லிட்டர். ஆசாம்பொய்யை முதலில் ஒரு குவளை வெந்நீரில் ஊறவைத்து, உப்பும் புளிப்பும் இறங்கிய அந்த நீரோடு சேர்த்து ஊற்ற வேண்டும். வெறும் ஆசாம்பொய்யைப் பச்சைத் தண்ணீரில் மிதக்கவிட்டால் அழகுக்குத்தான் ஆகும். பழத்தைப் பிழிவது மதியம் மூன்று மணிக்குப் பிறகு. காலையிலேயே பிழிந்து வைத்தால் நேரம் ஆக ஆகக் கசக்கும், விதை நசுங்கினால் இன்னும் கசக்கும். அத்தைமார் நாலு பேரைச் சுற்றி உட்காரவைத்தால் 40 லிட்டருக்கான ஆறு கிலோவும் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும், கல்யாணக் கதைகளும் முடிந்துவிடும்.

அன்னாசிக்கு ஸ்கூடாய்க்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். பொந்தியான் சாலையில் போனால் பெக்கான் நனாஸ். ஊர்ப் பெயரே அன்னாசி. மலேசியாவில் அன்னாசி அதிகம் விளையும் மாநிலமும் ஜொகூர்தான். எம்டி2 ரகம் இனிப்புத் தூக்கலானது. வேளாண் ஆராய்ச்சி நிறுவனமான மார்டி 1996-இல் வெளியிட்ட ஜோசபின் வாசனையான பழம், சட்டென்று பழுத்துவிடும். தண்ணி கலக்க எனக்கு ஜோசபின் பிடிக்கும். பத்துப் பழத்தைத் தோல் சீவிச் சின்னத் துண்டாக்கி, பட்டை, கிராம்பு, அன்னாசிப்பூ போட்டு, 10 லிட்டர் தண்ணீரில் பழம் குழையும் வரை கொதிக்கவிடுங்கள். பாகு சேர்த்து ஆறவைத்து, மறுநாள் 25 லிட்டராக விரிக்கலாம். வாசனை பச்சடியை நினைவூட்டும். பெரியவர்கள் இதைத்தான் இரண்டாவது முறை கேட்டு வாங்குவார்கள்.

பச்சை அன்னாசிச் சாற்றைப் பாலோடு சேர்க்காதீர்கள். அதில் இருக்கும் புரோமலைன் என்ற நொதி பாலின் புரதத்தை உடைத்துத் திரியவைத்துக் கசக்க வைக்கும். கொதித்தால் நொதி செத்துவிடும், ஆனால் புளிப்பு அப்படியே இருக்கும், அதுவே பாலைத் திரிக்கப் போதும். பாண்டுங் கரண்டியும் லிமாவ் கரண்டியும் மாறிப் போகாமல் பார்த்துக்கொள்வதற்கும் இதுதான் காரணம்.

காலை முகூர்த்தத்துக்கு வேறு கணக்கு. அங்கே மோரும் காப்பியும் போதும். ஒரு லிட்டர் தயிருக்கு மூன்று லிட்டர் தண்ணீர், இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை, பெருங்காயம், உப்பு. முஸ்லிம் நண்பர்கள் அதிகம் வரும் வீடாக இருந்தால் இரவு மேசையில் ஒரு பாலாங் காத்திரா வைக்கலாம். நோன்பு மாதத்தில் ஜொகூர் சந்தைகளில் விற்கும் பால் பானம் அது. பாதாம் பிசின், சப்ஜா விதை, பேரீச்சை எல்லாம் ஊறவைத்துச் செய்ய வேண்டும். சப்ஜாவுக்குக் கால் மணி நேரம் போதும், பிசினுக்கு ஓர் இரவு வேண்டும்.

சீனி விஷயத்தில் ஒரு வார்த்தை. மேலே சொன்ன பாண்டுங்கில் ஒரு கப்புக்குச் சீனி மட்டும் 21 கிராம் இருக்கும். மூன்று கப் குடித்தால் 60 கிராமைத் தாண்டும். ஒரு நாளுக்கு 50 கிராம் என்பதே உலகச் சுகாதார நிறுவனத்தின் பொதுவான வரம்பு. 2019 தேசிய ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது, இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. அதாவது உங்கள் விருந்தில் ஒவ்வொரு மேசையிலும் இரண்டு மூன்று பேர். லிமாவில் ஒரு பாலாங்கைப் பாகு பாதியாக்கி "கோராங் மானிஸ்" (இனிப்புக் குறைவு) என்று எழுதி ஒட்டுங்கள். எழுதாமல் வைத்தால் யாரும் கேட்க மாட்டார்கள். கேட்டால் வியாதியைச் சொன்ன மாதிரி ஆகிவிடுமே.

மேசை அடிப்பது ஒரு மதிய வேலை. எட்டுக்கு நாலு பிளைவுட் ஒன்றை வாங்கிக் கடையிலேயே நீளவாக்கில் இரண்டாக அறுத்துத் தரச் சொன்னால் எட்டடி நீளத்தில் இரண்டு பலகை. 18 மில்லிமீட்டர் கனம் வேண்டும். 12 வாங்கினால் நடுவில் தொய்யும், ஏனென்றால் 20 லிட்டர் பாத்திரம் நாலு வைத்தாலே 80 கிலோ ஏறிவிடும். வாடகை மேசை முக்கால் மீட்டர் உயரம்தான். அதில் நின்று மூன்று மணி நேரம் ஊற்றுகிறவருக்கு இடுப்பு போய்விடும். சிமெண்டுக் கல் வைத்து ஒரு மீட்டர் அளவுக்கு ஏற்றுங்கள். மேலே பிளாஸ்டிக் விரிப்பு, முன்பக்கம் பழைய பட்டுச் சேலை ஒன்றைக் கொசுவி ஆணியடித்தால் கல் மறைந்துவிடும். விளக்குச் சரத்தின் ஒயரை மேலே கொண்டுபோங்கள், கீழே எப்போதும் ஈரம்.

குழாய் வைத்த கண்ணாடி ஜாடிகள் படத்துக்கு அழகு. ஆனால் சின்சாவ், சப்ஜா, பழத்துண்டு எது விழுந்தாலும் குழாய் அடைக்கும், ஜாடியில் அளவு குறையக் குறைய ஓட்டமும் மந்தமாகும். அதனால் பாசார் மாலாமில் பார்க்கிற பாலாங்கும் கரண்டியுமே சிறந்தது. ஒரு கப் நிரப்பப் பத்து விநாடி என்றால் ஒரே ஆள் இருபது நிமிடத்தில் 120 கப்தான் ஊற்ற முடியும். கூட்டமோ முதல் இருபது நிமிடத்தில்தான் மொத்தமாக வரும். மூன்று பேர் நிற்கட்டும், முதல் நூறு கப்பை முன்கூட்டியே ஊற்றித் தட்டில் அடுக்கட்டும். ஐஸை அள்ள உலோகக் கரண்டி. கையால் வேண்டாம், கண்ணாடி டம்ளரால் வேண்டவே வேண்டாம். தோங்குக்குள் டம்ளர் உடைந்தால் அத்தனை ஐஸையும் கொட்டிவிட வேண்டியதுதான். பச்சைத் தண்ணீர் தனி முனையில், வரிசையில் நிற்காமல் எடுக்கும்படி இருக்கட்டும்.

மது வைப்பதா என்பது குடும்பத்தின் முடிவு. வைப்பதானால் வேறு மேசை, வேறு ஐஸ், வேறு கப், வேறு ஆள். மண்டபத்தின் மறுகோடியில் இருப்பது மலாய் நண்பர்களுக்குச் செய்யும் மரியாதை. அப்படியும் சிலர் உட்கார மாட்டார்கள், அழைக்கும்போதே சொல்லிவிடுவது நல்லது. பொது மண்டபம் என்றால் முதலில் அனுமதி கேளுங்கள். 2017 டிசம்பர் முதல் நாளிலிருந்து சட்டப்படி வயது 21, ஊற்றுகிற தம்பிக்கு அது தெரிந்திருக்க வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு வண்டி ஓட்டுகிறவரின் 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம்தான் வரம்பு. வீட்டில் காய்ச்சுவதும் மலிவு என்று முத்திரை இல்லாத புட்டி வாங்குவதும் வேண்டவே வேண்டாம். 2018 செப்டம்பரில் சிலாங்கூர், கோலாலம்பூர் பக்கம் மெத்தனால் கலந்த போலி மது பலரைக் கொன்றது. மெத்தனால் உடம்புக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறி முதலில் கண்ணைப் பறிக்கும்.

விருந்து முடிந்து மிஞ்சிய பாண்டுங்கை யோசிக்காமல் வடிகாலில் ஊற்றிவிடுங்கள். மிஞ்சிய பாகை வடிகட்டிப் புட்டியில் அடைத்துப் பிரிஜ்ஜில் வைத்தால் ஒரு மாதம் வரும். அன்னாசித் தண்ணி மறுநாள் மறுவீட்டு விருந்துக்கு ஆகும். தோங்கையும் பாலாங்கையும் அன்றிரவே கழுவிக் கவிழ்த்து வையுங்கள். காலை வரை விட்டால் எறும்பு வந்துவிடும், வாடகைக்காரர் திருப்பி வாங்க மாட்டார்.