மீனும் வைரஸும் – 9: ஊசி தாண்டும் வாசல்

ஜிலேபிக் கெண்டைப் பண்ணைகளைக் காலிசெய்யும் ஏரி வைரஸ், இஸ்ரேலில் 2009 முதல் மீன்கள் கொத்துக் கொத்தாகச் செத்தபின் 2014இல் அடையாளம் காணப்பட்டது. அதைச் சின்னஞ்சிறு ஜீப்ரா மீனில் வைத்துப் படிக்க முடியுமா என்று போலந்து ஆய்வாளர்கள் பார்த்தார்கள். 2020இல் வெளிவந்த முடிவு யோசிக்க வைக்கிறது. வயிற்றுக்குள் ஊசியால் வைரஸை ஏற்றினால் ஜீப்ரா மீன் நோயுற்றுச் சாகிறது. நோயுற்ற மீனோடு ஒரே தொட்டியில் விட்டால் ஒன்றும் ஆவதில்லை. குளத்து மீனுக்கு யாரும் ஊசி போடுவதில்லையே, பிறகு இந்த ஆய்வு மாதிரி எதற்கு என்று கேட்டால், கேள்வி நியாயமானதுதான். ஆனால் ஊசி தாண்டிச் செல்வது தோலையும் சளியையும் செவுளையும் மட்டுமே. உள்ளே நுழைந்தபின் வைரஸ் செய்வதையும் உடல் திருப்பிச் செய்வதையும் பற்றி இந்த மாதிரி சொல்வதை நம்பலாம். நோய் எப்படிப் பரவுகிறது என்று அதனிடம் கேட்டால்தான் பிழை.

உள்ளே நடப்பதைப் பார்க்கக் கிடைப்பது சிறிய லாபமல்ல. டிரௌட், சால்மன் குஞ்சுகளின் ரத்தம் உண்டாகும் திசுவை அழிக்கும் ஒரு வைரஸை, பிரெஞ்சு ஆய்வாளர்கள் ஜீப்ரா மீனின் இளம்பருவக் குஞ்சுகளில் செலுத்தி, 2011இல் முடிவுகளை வெளியிட்டார்கள். குஞ்சின் உடல் கண்ணாடி போலத் தெரியும் என்பதால், அறுக்காமலே நுண்ணோக்கியில் பார்க்கலாம். ரத்தக்குழாய்ச் சுவர்களை வைரஸ் பிடித்தது. இதயம் துடித்துக்கொண்டிருக்கும்போதே ரத்த ஓட்டம் நின்றது. மூன்று நான்கு நாளில் குஞ்சுகள் செத்தன. தடித்த, ஒளி ஊடுருவாத டிரௌட்டில் இந்த வரிசையை உயிரோடு பார்க்க வழியில்லை. ஆனால் அது குளிர்நீர் வைரஸ். வெப்பத்துக்குப் பழக்கிய வகையை எடுத்து, 24 டிகிரியில்தான் சோதித்தார்கள். அந்த வயதுக் குஞ்சுக்கு, முன்பு வந்த கிருமியை நினைவில் வைக்கும் எதிர்ப்பாற்றலும் முதிர்ந்திருக்காது. ஆகவே தடுப்பூசி வேலை செய்யுமா என்று இந்தக் குஞ்சிடம் கேட்கக்கூடாது.

அப்படியானால் நோய் வரும் மீனையே சோதித்துவிடலாமே என்பார்கள். அதுவும் ஆய்வகத் தொட்டிக்குள் வந்ததும் ஓர் ஆய்வு மாதிரியாகிவிடுகிறது. ஹெர்பிஸ் வைரஸ் தொற்றிய சாதாக் கெண்டைகளை 24 டிகிரித் தண்ணீரிலேயே அடைத்து வைத்தால் சாகின்றன. 24, 28, 32 டிகிரி அறைகளுக்கிடையே நீந்த விட்டபோது, அவை 32 டிகிரி அறையை நாடிப்போய் உயிர் தப்பின என்று 2017இல் ஓர் ஆய்வு காட்டியது. மீன் தனக்குத் தானே வரவழைத்துக்கொள்ளும் காய்ச்சல் அது. ஒரே சூட்டில் வைத்த தொட்டியின் இறப்புக் கணக்கை மட்டும் பார்த்திருந்தால் இந்தத் தற்காப்பு கண்ணிலேயே பட்டிருக்காது.

தொட்டி எப்போதும் ஏமாற்றுவதும் இல்லை. கணையத்தை அழிக்கும் வைரஸை எதிர்க்கும் திறன் சால்மனின் மரபணுத்தொகுதியில் எங்கே இருக்கிறது என்ற தேடலில், ஸ்காட்லாந்தில் இயற்கையாக நோய் வந்த மீன்களும், நார்வேயில் வேண்டுமென்றே தொற்று கொடுத்த மீன்களும் ஒரே இடத்தைக் காட்டின. பண்ணையும் தொட்டியும் ஒத்துப்போயின. இனப்பெருக்கப் பண்ணைகள் அந்த முடிவைக் கையிலெடுத்தன. ஜிலேபிக் கெண்டையில் தேடல் இன்னும் நடக்கிறது. மலேசியப் பண்ணைக் குளத்தில் ஏரி வைரஸ் தாக்கியபோது செத்தவை, பிழைத்தவை என்று பிரித்துப் பார்த்ததில் எதிர்ப்போடு தொடர்புள்ள ஒரு குரோமோசோம் பகுதி தெரிந்தது. 2021இல் அது வெளியானது. அந்தப் பகுதியில் மரபணுக்கள் பல. அவற்றுள் வேலை செய்வது எது என்று பார்க்க, ஒவ்வொன்றையும் ஜீப்ரா மீனில் முடக்கி வைரஸை ஏற்றலாம். தொற்று உள்ளே வந்தபின் செயல்படும் மரபணுவாக இருந்தால் ஊசி அதைக் காட்டிக்கொடுக்கும். செவுளிலேயே தடுப்பதாக இருந்தால், மறுபடி ஜிலேபிக் கெண்டையிடம்தான் போகவேண்டும்.