லாங்போவா, ரிகர்வா? முதல் வில் வாங்குறதுக்கு முன்னாடி

(எபிசோடில் பேசியது, வாசிக்க வசதியாகச் சுருக்கித் திருத்தப்பட்டது.)

போன மாசம் ஊருக்குப் போயிருந்தேன். எங்க ஊர் மாரியூர், சாயல்குடி பக்கத்துல கடற்கரையோரம். உப்பளம், பனை, அதைத் தாண்டினா சீமைக்கருவேலங்காடு. சித்தப்பா பையன் காலேஜ் படிக்கிறான். வந்ததும் வராததுமா போனை நீட்டினான். ரெண்டு வில்லோட படம். "அண்ணே, லாங்போ வாங்கவா, ரிகர்வ் வாங்கவா? காட்டுல முயல் நிறையத் திரியுது."

அமெரிக்கக்காரங்க பண்ற பாரம்பரிய வில் வேட்டை வீடியோவெல்லாம் பார்த்திருக்கான். அங்க அது லைசென்ஸ், சீசன் எல்லாம் வச்சு நடக்குற விஷயம். இங்க அப்படி இல்ல.

முதல்ல முயல் விஷயம்

1972-ல வந்த வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டு முயல், மான், மயில் எதை வேட்டையாடினாலும் குற்றம். துப்பாக்கியா, கண்ணியா, வில்லாங்கிறது முக்கியமில்ல. குறி தப்பினாலும் தப்பிக்க முடியாது, ஏன்னா அந்தச் சட்டத்துல வேட்டைக்கான முயற்சியும் வேட்டைதான். "நம்ம ஊர்ல யாரு பார்க்கப் போறா"ன்னான். படிப்பு முடிச்சு வேலை தேடப்போற வயசு. ஒரு வழக்கு விழுந்தா என்ன ஆகும்னு சொன்னேன், அமைதியாயிட்டான்.

ஆனா வில் ஆசையை அதோட மூட்டை கட்ட வேண்டாம். 3டி ஆர்ச்சரின்னு ஒரு விளையாட்டு இருக்கு. ஃபோம்ல செஞ்ச விலங்கு உருவங்களைக் காட்டுப்பாதையில அங்கங்க நிறுத்தியிருப்பாங்க. எத்தனை மீட்டர்னு சொல்லமாட்டாங்க, நீங்களே கண்ணால கணிச்சு அடிக்கணும். வேட்டையில வேணும்கிற பொறுமை, கண்கணக்கு எல்லாம் இதுலயும் வேணும், உயிர் மட்டும் போகாது. இதுக்கு உலகப் போட்டியே நடக்குது, லாங்போவுக்குத் தனிப் பிரிவும் உண்டு. அதனால தம்பியோட கேள்வி செல்லும்.

வித்தியாசம் முனையிலதான்

நம்ம மாவட்டத்துக்காரங்களுக்கு இதை ஈசியா சொல்லலாம். தனுஷ்கோடிங்கிற பேருக்கு அர்த்தமே வில்லோட முனை. லாங்போவையும் ரிகர்வையும் பிரிக்கிறதும் அந்த முனைதான்.

லாங்போவை நாண் ஏத்திப் பார்த்தீங்கன்னா ஒரே சீரான வளைவு. நாண் ரெண்டு முனையில மட்டும்தான் தொடும். ரிகர்வ்ல முனைகள் வில்லாளியை விட்டு விலகி முன்பக்கமா திரும்பி வளைஞ்சிருக்கும். நாண் அந்த வளைவு மேல கொஞ்ச தூரம் படிஞ்சு கிடக்கும்.

இப்ப இழுங்க. லாங்போவுல பாரம் சீரா ஏறிக்கிட்டே வரும். உங்க கை நீளத்துக்கு வில் குட்டையா இருந்தா, கடைசி ரெண்டு அங்குலத்துல திடீர்னு கனக்கும். இதை ஸ்டாக்கிங்னு சொல்வாங்க. ரிகர்வ்ல நீங்க இழுக்க இழுக்க நாண் அந்த வளைவுல இருந்து உரிஞ்சு வரும். அதனால நெம்புகோல் நீளமாகிக்கிட்டே போகும். ஆரம்பத்துலயே பாரம் ஏறிடும், கடைசியில அவ்வளவு கனக்காது.

இழுத்த தூரத்துக்கும் விசைக்கும் ஒரு கிராஃப் போட்டா, கோட்டுக்குக் கீழே இருக்கிற பரப்புதான் வில்லுல சேர்ற ஆற்றல். ரிகர்வ்ல அந்தக் கோடு ஆரம்பத்துலயே மேலே போயிடுது. அதனால முழுசா இழுத்தப்போ ரெண்டும் ஒரே பவுண்டு காட்டினாலும், பொதுவா ரிகர்வ்ல ஆற்றல் அதிகம், அம்பும் கொஞ்சம் வேகம். நீளம் குறைவா இருந்தும் இது முடியுது.

அப்ப லாங்போ எதுக்கு? நீளமான வில் கையில லேசுல திரும்பாது, அதனால சின்னத் தப்பை மன்னிக்கும். ரிகர்வ்ல அம்பு போனதும் நாண் திரும்பி வந்து வளைவுல அடிக்கிற சத்தம் உண்டு. லாங்போ சத்தம் கம்மி. ஆனா பல லாங்போவுல விட்டதும் கையில ஒரு உதறல் தெரியும். அமெரிக்க வில் வேட்டைக்காரங்கள்லயே ஹோவர்ட் ஹில் லாங்போ கட்சி, ஃப்ரெட் பேர் ரிகர்வ் கட்சி. ரெண்டு பேருமே ஜாம்பவான்கள்தான்.

நம்ம நாட்டுல எது இருந்துச்சு?

ரெண்டும் இருந்துச்சு. அலெக்ஸாண்டரோட கடற்படைத் தளபதி நியர்கஸ் இந்திய வில்லைப் பத்தி எழுதி வச்சதை, பிற்பாடு அரியன் எடுத்துச் சொல்றார்: ஆள் உயர வில், ஒரு முனையைத் தரையில ஊன்றி, இடது காலால அழுத்திக்கிட்டு இழுப்பாங்களாம். வடிவத்துல அது லாங்போ குடும்பம்.

ரிகர்வ் குடும்பத்துல முகலாயர் கால வில் பிரபலம். மரம், கொம்பு, விலங்கோட தசைநார் மூணையும் விலங்குப் பசையால ஒட்டிச் செய்வாங்க. அபாரமான வில்தான், ஆனா அந்தப் பசைக்கு ஈரம் ஆகாது. இந்தியாவுல முழுக்க இரும்புலயே வில் செஞ்சதும் உண்டு. மழைக்காலம் வந்தாலும் அதுல பசை விட்டுப்போற பிரச்சினை இல்ல. ஊரோட காத்தும் வில்லைத் தேர்ந்தெடுக்கும்னு இதுல இருந்து புரியுது.

இன்னைக்கு வர்ற ஃபைபர்கிளாஸ் வில்லுக்கு ஈரம் பெரிய எதிரி இல்ல, சூடுதான் எதிரி. மத்தியான வெயில்ல பூட்டின காருக்குள்ள விட்டீங்கன்னா பசை இளகி அடுக்கு அடுக்கா பிரியலாம். எங்க ஊர் மாதிரி உப்புக்காத்து அடிக்கிற இடத்துல உலோக போல்ட்டுகளைத் துடைச்சு லேசா எண்ணெய் போடணும். அந்த விஷயத்துல, போல்ட்டே இல்லாத ஒற்றைத்துண்டு லாங்போ நிம்மதி.

பவுண்டுதான் பெரிய கேள்வி

நான் பண்ணின தப்பைச் சொல்றேன். முதல் வில்லே 45 பவுண்டு வாங்கினேன். ஜிம்முக்குப் போற ஆளு, இது என்ன பெரிய விஷயம்னு நினைச்சேன். மூணே வாரத்துல வலது தோள்பட்டை போச்சு. நாலு மாசம் பிசியோதெரபி. தலை வாரக் கையைத் தூக்க முடியல. கீபோர்டுல கை வைக்கிறதே வலி.

வில்லை இழுக்குறது புஜம் இல்ல, முதுகுத் தசை. அது பழக நாளாகும். பெரியவங்களே 20-லிருந்து 25 பவுண்டுல ஆரம்பிக்கிறதுதான் நல்லது. வில்லுல எழுதியிருக்கிற எண் பொதுவா 28 அங்குலம் இழுத்தா வர்ற பாரம். நீங்க 26 அங்குலம்தான் இழுப்பீங்கன்னா நாலஞ்சு பவுண்டு குறையும். அதனால முதல்ல உங்க இழுப்பு நீளத்தை அளந்துக்கோங்க.

இங்கதான் கழற்றி மாட்டுற டேக்டவுன் ரிகர்வ் ஜெயிக்குது. கைப்பிடி ஒண்ணு, ரெண்டு லிம்ப் தனி. பழகினதும் லிம்பை மட்டும் மாத்தி பவுண்டை ஏத்தலாம். ஐ.எல்.எஃப்-னு ஒரு பொது அமைப்பு இருக்கு, யூ.எஸ்.பி மாதிரி; ஒரு கம்பெனி கைப்பிடியில இன்னொரு கம்பெனி லிம்பை மாட்டலாம். பையில போட்டு பஸ்ல கொண்டு போகலாம். ஒற்றைத்துண்டு லாங்போவுல பவுண்டு ஏத்தணும்னா புது வில்தான்.

அப்ப என்ன வாங்கலாம்?

போட்டி ஆசை இருந்தா ரிகர்வ். 1972 மியூனிக்ல இருந்து 2024 பாரிஸ் வரைக்கும் ஒலிம்பிக்ல அந்த வில் மட்டும்தான். காசு கம்மின்னா, இந்தியன் ரவுண்ட்னு நம்ம நாட்டுப் போட்டிப் பிரிவு இருக்கு, அது மூங்கில் வில்லுக்கானது. சத்தமில்லாத எளிய வில்லோட வருஷக்கணக்கா உட்காரப் போறேன்னா லாங்போ. ஆனா எதை வாங்கினாலும், முதல்ல பயிற்சியாளர் இருக்கிற இடத்துக்குப் போய் அவங்க வில்லுல பத்து நாள் பழகுங்க.

ரெண்டு எச்சரிக்கை. அம்பு இல்லாம நாணை இழுத்து விடாதீங்க; ஆற்றல் போக இடமில்லாம வில்லே உடையலாம். நாண் ஏத்த அதுக்குன்னு இருக்கிற கயிற்றைப் பயன்படுத்துங்க. காலுக்கிடையில வச்சு வளைச்சா ரிகர்வோட லிம்ப் முறுக்கிக்கும்.

தம்பிக்கு நான் சொன்னது: 22 பவுண்டு லிம்போட ஒரு டேக்டவுன் ரிகர்வ், ஒரு வருஷம். அதுக்கப்புறமும் லாங்போ ஆசை இருந்தா வாங்கு, அப்ப உன் முதுகுக்கு எத்தனை பவுண்டு தாங்கும்னு உனக்கே தெரியும். "ஃபோம் முயல் என்ன விலைண்ணே?"ன்னு கேட்டான். அதை நானே வாங்கித் தர்றேன்னு சொல்லியிருக்கேன்.

அடுத்த எபிசோடுல பார்ப்போம் மக்களே.