ஈயத் துண்டில் ஒரு கழுகு

முப்பத்திரண்டு வருஷம் ரயில்வே கூட்ஸ் ஆபீஸில் குப்பை கொட்டியவன் நான். வாகன் கதவுக் கொண்டியில் கம்பியைக் கோர்த்து, ஈயத் துண்டை மாட்டி, இடுக்கியால் ஒரு அழுத்து அழுத்தினால் எழுத்து விழும். ஒருமுறை மங்கிய சீலில் ஓர் எழுத்தை மாற்றிப் படித்து ரிஜிஸ்தரில் எழுதிவிட்டேன். சரக்கில் குறைவு, பழி வேறொரு ஸ்டேஷன்காரர் தலையில் விழுந்தது. தவறு தெரிவதற்குள் அவருடைய இன்கிரிமென்ட் நின்று போயிருந்தது.

ஓய்வு பெற்று டில்லியிலேயே தங்கிவிட்ட எனக்கு, பைசாந்தியப் பேரரசின் ஈய முத்திரைப் படங்களை மகள் காட்டினாள். பார்த்ததும், "இது நம்ம சரக்காச்சே!" என்றேன். கான்ஸ்டான்டிநோபிள் அதிகாரிகள் கடிதத்தைக் கயிற்றால் கட்டி, துளையுள்ள ஈய வில்லைக்குள் கயிற்றை விட்டு, இரும்பு இடுக்கியில் வைத்துச் சுத்தியலால் அடிப்பார்களாம். கடிதங்கள் மக்கிப் போயின, ஈயம் நின்றது. வாஷிங்டனில் டம்பர்ட்டன் ஓக்ஸ் நிறுவனத்தில் மட்டும் சுமார் 17,000 இருக்கின்றன.

எனக்குப் பிடித்தது கழுகு முத்திரை. விரித்து உயர்த்திய இரு சிறகுகளுக்கு நடுவே, தலைக்கு மேலே, சிலுவை வடிவில் எழுத்துக்களைப் பின்னிய ஒரு கூட்டெழுத்து. அதுதான் ஆளின் பெயர். கழுகைக் கண்டதும் குடும்பச் சின்னம் என்று எண்ணிவிடக் கூடாது. எத்தனையோ பேர் அதே கழுகைப் போட்டுக்கொண்டார்கள். பறவை சொல்வது காலத்தைத்தான். இந்த ஜோடி பெரும்பாலும் 6, 7ஆம் நூற்றாண்டு. சிங்கம், மயில், கழுகுத் தலைச் சிங்கம் இவற்றைச் சுற்றி வட்டமாக வாசகம் ஓடினால் அநேகமாக 10ஆம் நூற்றாண்டு. சிலுவையாக இல்லாமல் சதுரமாகக் கட்டிய கூட்டெழுத்து அதற்கும் முந்திய வழக்கம்.

இனிப் பெயர். சிலுவையின் நான்கு முனைகளிலும் எழுத்துக்கள் தொங்கும். எங்கே தொடங்கி எப்படிப் போவது என்று விதியில்லை. இருமுறை வரும் எழுத்தை ஒரே முறை போட்டு முடித்துவிடுவார்கள். உச்சியில் கொம்பு முளைத்த வட்டம் போல ஒன்று இருந்தால் அது 'ஊ' என்ற வேற்றுமை உருபு. நம் 'உடைய' மாதிரி. 'தியோடோரூ' என்றால் தியோடோரோஸுடையது.

ஒரு படத்தை 'தியோடோட்டூ' என்று படித்து, வெற்றிக் களிப்பில் வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். இரண்டு நாள் கழித்து லென்ஸ் வைத்துப் பார்த்தால், கீழ்முனையில் நான் நசுங்கல் என்று ஒதுக்கியது 'ஓமேகா' எழுத்தாக இருக்கலாம் போலிருந்தது. அப்படியானால் பெயர் தியோடோரோஸ். அதற்கு வேண்டிய 'ரோ' எழுத்தின் வளைவோ, இருந்ததா தேய்ந்ததா என்று தெரியாத இடம். 'டௌ' என்று நான் எடுத்துக்கொண்டது வெறும் சிலுவைக் கட்டையாகவும் இருக்கலாம்.

இத்தகைய முத்திரைகளில் பின்பக்கத்தில் பதவிப் பெயர் இன்னொரு கூட்டெழுத்தாக இருப்பதுண்டு. அந்தப் பக்கத்தின் படம் என்னிடம் இல்லை. ஆகவே நோட்டில் இரண்டு பெயர்களையும் எழுதி, இரண்டுக்கும் எதிரே கேள்விக்குறி போட்டேன்.

"ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு முன்னால் செத்தவன், எந்தப் பெயரானால் என்ன?" என்றாள் என் மனைவி. விசாரணைக்குப் போன அந்த ஸ்டேஷன்காரரை அவளுக்கும் தெரியும். நான் பதில் சொல்லாமல் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.