எரிமலை இல்லாத கரையில் வெந்நீர்

ஜப்பானின் வெந்நீர் ஊற்று என்றால் எரிமலைதான் நினைவுக்கு வரும். பெரும்பாலான ஊர்களில் அது சரியும்கூட. ஆனால் ஒசாகாவுக்குத் தெற்கே பசிபிக் கடலுக்குள் நீண்டிருக்கும் கீ தீபகற்பத்தில் உயிருள்ள எரிமலை ஒன்றுகூடக் கிடையாது. அங்கே பாறைக்குழம்பு மேலேறி வந்து ஏறத்தாழ 140 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. அந்தச் சூடு எப்போதோ ஆறிப்போயிருக்க வேண்டும். இருந்தும் தீபகற்பத்தின் மேற்குக் கரையிலுள்ள ஷிராஹாமாவில் 70 டிகிரி செல்சியஸைத் தாண்டிய வெந்நீர் கிடைக்கிறது.

அதுவும் நேற்று இன்றல்ல. ஜப்பானின் பழைய வரலாற்று நூலான 'நிஹோன் ஷோக்கி' இந்த ஊற்றுகளைக் குறிப்பிடுகிறது. 657-ல் இங்கே வந்துபோன இளவரசர் அரிமா, இடத்தைப் பார்த்ததுமே நோய் போய்விட்டது என்று புகழ்ந்தார். அதைக் கேட்டு மறு ஆண்டு பேரரசி சைமெய் நீராட வந்தார். பேரரசி தலைநகரில் இல்லாத வேளையில் அரிமா கலகத்துக்குத் திட்டமிட்டதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. தான் புகழ்ந்த அதே ஊற்றூருக்கு அவரைக் கொண்டுவந்து விசாரித்தார்கள். திரும்பும் வழியில் தூக்கிலிட்டார்கள். அவருக்கு அப்போது 19-வது வயது நடந்துகொண்டிருந்தது.

சரி, சூடு எங்கிருந்து வருகிறது? கடலுக்கு அப்பால், நான்கை அகழியில், பிலிப்பைன் கடல் தட்டு ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வீதம் ஜப்பானுக்கு அடியில் நுழைந்துகொண்டிருக்கிறது. கடலடிப் பாறையின் கனிமங்களில் நீர் கட்டுண்டு கிடக்கிறது. தட்டு ஆழத்துக்குப் போகப்போக வெப்பமும் அழுத்தமும் அந்த நீரைச் செக்கில் பிழிவதுபோல் பிழிந்தெடுக்கின்றன. வெளிப்பட்ட சூடான உப்புநீர் பிளவுகள் வழியே மேலேறி, மழையாய் இறங்கிய நீரோடு கலக்கிறது. எரிமலை இல்லாத இடத்தில் வெந்நீர் இருப்பதற்கு அறிவியலாளர்கள் இன்று முன்வைக்கும் விளக்கம் இதுதான். அதற்குத் துணைநிற்கும் சான்றுகளில் எனக்கு மிகவும் பிடித்தது ஹீலியம். இந்தத் தீபகற்பத்தின் ஊற்றுகளிலிருந்து எழும் வாயுவில் ஹீலியம்-3 வழக்கத்துக்கு அதிகமாக இருக்கிறது. அது பூமியின் மேலோட்டுக்குக் கீழே, மூடகத்தில் தங்கியிருக்கும் வகை. தொட்டியில் காலை நீட்டி உட்கார்ந்திருப்பவரைச் சுற்றி இருக்கும் நீரில் ஒரு பங்கு, நாம் ஒருபோதும் போக முடியாத ஆழத்தைப் பார்த்துவிட்டு வந்தது.

ஜப்பானியர்கள் வெந்நீர் ஊற்றை ஒன்சென் என்கிறார்கள். 1948-ல் வந்த ஒன்சென் சட்டத்தின்படி, அந்தப் பெயருக்கு ஊற்றில் 25 டிகிரியோ அதற்கு மேலோ சூடு இருக்க வேண்டும். இல்லையென்றால் பட்டியலிட்ட 19 பொருள்களில் ஒன்றாவது குறித்த அளவு இருக்க வேண்டும். ஷிராஹாமாவுக்கு இந்த வரம்பெல்லாம் பொருட்டே அல்ல. அங்குள்ள நீரில் சோடியம் குளோரைடும் பைகார்பனேட்டும் நிறைந்திருக்கின்றன. பைகார்பனேட் தோலின் எண்ணெய்ப் பசையைக் கரைத்து வழவழப்பாக்கும். உப்பு தோல்மேல் மெல்லிய படலமாகப் படிந்து, வியர்வை ஆவியாவதைக் குறைக்கும். அதனால்தான் கடலோர ஒன்செனில் குளித்தவருக்கு அறைக்குத் திரும்பி வெகுநேரம் ஆன பிறகும் உடல் கதகதப்பாக இருக்கிறது. உணர்திறன் மிக்க தோல் இல்லாதவர்கள் கடைசியில் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவாமல், துண்டால் ஒற்றிக்கொண்டு வருவது நல்லது.

இந்தச் சூட்டை மனித உடலுக்குள் பக்குவமாக இறக்கி, பக்குவமாக ஆறவைக்கும் ஏற்பாடுதான் ரியோகான் என்னும் மரபுவழி விடுதி. அதன் அழகை வியப்பவர்கள் பலர். அதன் ஒழுங்கில் உள்ள உடலியல் அறிவை நான் இன்னும் உயர்வாக மதிக்கிறேன். மாலை 3 மணிவாக்கில் போய்ச் சேர்வோம். வாசலில் செருப்பைக் கழற்றியதும், நாகாய் எனப்படும் பணிப்பெண் பாய் விரித்த அறைக்கு அழைத்துப் போவார். மேசையில் தேநீரும் ஒரு சிறு இனிப்பும் தயாராக இருக்கும். அது வெறும் உபசாரமல்ல. பயணக் களைப்போடும் வெறும் வயிற்றோடும் வெந்நீரில் இறங்கினால் தலைசுற்றும். உடலுக்குக் கொஞ்சம் நீரும் சர்க்கரையும் முதலில் போய்ச் சேர வேண்டும். பிறகு யுகாத்தா என்ற மெல்லிய அங்கியை அணியலாம். இடப்பக்க மடிப்பு மேலே வர வேண்டும், மாற்றிக் கட்டுவது இறந்தவர்களுக்கு.

குளியலறையில் சின்ன முக்காலியில் உட்கார்ந்து சோப்புப் போட்டு முழுதாகக் கழுவிக்கொள்ள வேண்டும். தொட்டியில் இறங்கும் முன் அதன் நீரையே காலிலிருந்து மேல்நோக்கி மொண்டு ஊற்றிக்கொள்ள வேண்டும். தொட்டி அழுக்குத் தேய்க்கும் இடமல்ல என்பது ஒரு காரணம். இன்னொன்று, 41, 42 டிகிரி நீரில் திடீரென்று இறங்கினால் இரத்த அழுத்தம் துள்ளும். உள்ளே போனதும் நீரின் அழுத்தம் கால்களில் இருக்கும் இரத்தத்தை நெஞ்சை நோக்கித் தள்ளுகிறது, சூடு இரத்தக்குழாய்களை விரிக்கிறது. சட்டென்று எழுந்தால் அழுத்தம் விழும், மயக்கம் வரும். ஆகவே ஐந்து, பத்து நிமிடம் உட்கார்ந்து, மெல்ல வெளியே வந்து, ஆறி, மறுபடி இறங்குவதுதான் முறை. மது அருந்திவிட்டு இறங்கவே கூடாது. இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு போகட்டும்.

நம்மவர்களுக்குத் தயக்கம் தருவது ஆடையில்லாமல் குளிப்பதுதான். ஆண், பெண் பகுதிகள் தனித்தனி. வாசல் திரையின் நிறத்தைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். பல விடுதிகள் இரவில் இரண்டையும் மாற்றிவிடும், இரு தரப்பாருக்கும் இரு தொட்டிகளின் காட்சியும் கிடைக்கட்டும் என்று. ஆகவே காலையில் தூக்கக் கலக்கத்தில் நேற்றைய வாசலுக்கே போய்விட வேண்டாம். கூச்சம் தீராதவர்களுக்கும், பச்சை குத்தியிருப்பதால் பொதுத் தொட்டியில் அனுமதி கிடைக்காதவர்களுக்கும் தனிக் குளியலறையை மணிக்கணக்கில் வாடகைக்குத் தரும் விடுதிகள் உண்டு.

70 டிகிரி நீரை 42-க்குக் கொண்டுவருவது விடுதியின் பின்கட்டில் நடக்கும் வேலை. பச்சைத் தண்ணீர் கலந்தால் எளிது. ஆனால் ஊற்றின் சத்து நீர்த்துப்போகும். அதனால் வெப்பமாற்றியில் அதன் சூட்டை வேறு நீருக்குக் கைமாற்றி, அந்த நீரைக் குழாய்களுக்கு அனுப்பும் விடுதிகள் உண்டு. உப்புநீர் இரும்பை அரித்துவிடும் என்பதால் அங்கே டைட்டானியத் தகடுகள் தேவைப்படுகின்றன. இதையெல்லாம் விருந்தினர் பார்ப்பதில்லை. ஆனால் உடை மாற்றும் அறையில் ஓர் அறிவிப்பு மாட்டியிருக்கும். நீர் கலக்கிறார்களா, சூடேற்றுகிறார்களா, வடிகட்டித் திரும்பப் பயன்படுத்துகிறார்களா, கிருமிநாசினி சேர்க்கிறார்களா என்பதை அதில் சொல்லியாக வேண்டும். 2004-ல் நாகானோ மாநிலத்தின் பேர்பெற்ற ஊற்றூர் ஒன்றில் நீரின் வெண்மைக்காகக் குளியல் பொடி கலந்தது வெளிவந்து நாடே கொதித்தது. அடுத்த ஆண்டு இந்த விதி வந்தது. குளிக்க வருபவரிடம் உண்மையைச் சொல்ல வேண்டும் என்ற அந்த விதியை எல்லா நாட்டு ஊற்றுகளுக்கும் கொண்டுவரலாம்.

கட்டணம் அறைக்கு அல்ல, ஆளுக்கு. இரவு உணவும் காலை உணவும் அதிலேயே அடங்கும். இரவில் கடல்மீன், குளிர்காலமென்றால் 'குவே' என்ற பெரிய களவா வகை மீனின் கொதிகுழம்பு. சோயா சாற்றின் பிறப்பிடமாகச் சொல்லப்படும் யுவாசா இதே கரையில்தான் வடக்கே இருக்கிறது. காலைத் தட்டில் இருக்கும் உப்பிட்ட உமே காய்க்குப் பக்கத்து மினாபே, தனாபே பகுதிகள் நாடறிந்தவை. சைவ உணவுக்காரர்கள் முன்பதிவின்போதே சொல்லிவிட வேண்டும். காய்கறிச் சாற்றில்கூட மீன் கொதிநீர் கலந்திருக்கும்.

விடுதித் தொட்டியோடு நின்றுவிடாமல் ஷிராஹாமாவின் சாகி-நோ-யு என்ற திறந்தவெளிக் குளியலிடத்துக்கும் ஒருமுறை போய்வாருங்கள். கடலை ஒட்டிய பாறைக் குழியில் ஊற்றுநீர் நிறைந்திருக்கும். சில அடி தள்ளி பசிபிக் அலை உடையும். கடலில் கலந்துவிடும் என்பதால் அங்கே சோப்புக்கு அனுமதி இல்லை. அலை பெரிதாக இருக்கும் நாளில் மூடிவிடுவார்கள்.

வெந்நீரை அனுப்பும் அதே தட்டுதான் நான்கை பெருநிலநடுக்கங்களையும் அனுப்புகிறது. 1946 டிசம்பரில் பூமி அதிர்ந்தபோது இந்தத் தீபகற்பத்தின் சில ஊற்றுகள் நின்றுபோயின. பின்னர்தான் மெல்லத் திரும்பின. 684-ல் நடந்த பேரதிர்வில் ஷிகோகு தீவின் தோகோ ஊற்று நின்றதையும் 'நிஹோன் ஷோக்கி' பதிந்திருக்கிறது. அடுத்த அதிர்வுக்கு நாள் குறிக்க யாராலும் முடியாது. அதனால் அறைக்குள் நுழைந்ததும் அந்தத் தேநீரைக் குடித்துக்கொண்டே, சுனாமி வந்தால் எந்தப் படிக்கட்டில் ஏறி எந்த மேட்டுக்குப் போக வேண்டும் என்பதை விடுதியின் வரைபடத்தில் பார்த்துவிடுங்கள். குளியல் அதற்குப் பிறகு.