பொன்னும் முலாமும்

பெங்களூரில் அடுகோடி போன்ற பகுதிகளில் அவசரச் செலவுக்காகப் பாட்டியின் வளையலை அடகு வைக்கச் செல்வோர், அது வெறும் முலாம் என்பதை அங்கேதான் முதன்முறையாக அறிந்து திகைப்பதுண்டு. 2023 ஏப்ரல் 1 முதல் ஆறெழுத்து ஹால்மார்க் அடையாள எண்ணுடன் நகை விற்பது கட்டாயமாயிற்று. வீட்டிலுள்ள பழைய நகைக்கு அக்காப்பு இல்லை.

உரைகல்லும் சிற்சில வேளைகளில் ஏமாற்றும். மெல்ல உரைத்தால் கல்லில் படிவது மேற்பூச்சுப் பொன்னே; நைட்ரிக் அமிலம் பட்டாலும் அக்கோடு அழியாது. அரத்தால் ஆழக் கீறினாலன்றி உள்ளிருக்கும் பித்தளை வெளிப்படாது. கீறுவதற்கோ நகைக்குரியவர் இசையார்.

நகைக்கு ஊறு நேராத வழி, ஆர்க்கிமிடீஸின் தத்துவத்தில் உள்ளது. பள்ளித் தராசில் வளையலை நூலால் தொங்கவிட்டு, முதலில் காற்றிலும் பின்னர் நீரில் முழுவதும் அமிழ்த்தியும் நிறுத்தல் வேண்டும். 22 காரட் பொன்னின் ஒப்படர்த்தி ஏறக்குறைய 17.7, பித்தளையினது சுமார் 8.5. ஆகவே ஒரு பவுன், அதாவது 8 கிராம், எடையுள்ள பொன் வளையல் நீரில் 0.45 கிராம் அளவே குறையும். முலாம் பூசிய பித்தளையோ 0.94 கிராம் குறையும். ஒட்டிய காற்றுக் குமிழிகளை நீக்காவிடில் நல்ல பொன்னும் போலியாகத் தோன்றும் என்பதை மாணவருக்குச் செய்தே காட்டலாம். அரக்கு அடைத்த நகைக்கும் கல் பதித்த நகைக்கும் இம்முறை பொருந்தாது. அவற்றை ஹால்மார்க் பரிசோதனை நிலையத்தில் கட்டணம் செலுத்திச் சோதித்துக்கொள்ளலாம்.